சூரியகாந்தி விதைக்காதவருக்குச் சூரியகாந்தி மானியம்: ஒரு கவுண்டிக் கணக்கு

அமெரிக்காவின் ஏதாவது ஒரு கிராமப்புறக் கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் மாதிரியான நிர்வாகப் பிரிவு) பண்ணை மானியக் கணக்கைத் திறந்து பாருங்கள். சோயா இவ்வளவு, சூரியகாந்தி இவ்வளவு, கனோலா (கடுகு வகை எண்ணெய்வித்து) இவ்வளவு என்று பயிர்வாரியாகத் தொகை இருக்கும். 1995 முதலான கணக்கு பொதுவில் கிடைக்கிறது, பெற்றவர் பெயரோடு. பார்ப்பவருக்கு உடனே தோன்றுவது, இந்த ஊரில் சூரியகாந்தி நன்றாக விளைகிறது போலிருக்கிறது என்பதுதான். அந்தத் தொகை அதைச் சொல்லவில்லை. ஒரு செடி சூரியகாந்திகூட இல்லாத ஆண்டிலும் அந்தக் கவுண்டிக்குச் சூரியகாந்திப் பணம் வரும். எல்லைக்கு எல்லை விதைத்த ஆண்டில் ஒரு சென்ட்கூட வராமலும் போகும்.

காரணம், பணம் வயலில் நிற்கும் பயிருக்கு வருவதில்லை. பண்ணையின் பதிவேட்டில் நிற்கும் பேஸ் ஏக்கருக்கு வருகிறது. பேஸ் ஏக்கர் என்பது, இந்த நிலத்தில் ஒரு காலத்தில் இன்ன பயிர் இத்தனை ஏக்கர் போட்டார்கள் என்று அரசு ஒப்புக்கொண்டு எழுதிவைத்த அளவு. பட்டாவில் ஏறிய பெயர் மாதிரி. நிலம் கைமாறினாலும் அது நிலத்தோடு போகும். 200 ஏக்கர் சூரியகாந்தி பேஸ் உள்ள பண்ணையில் இந்த ஆண்டு முழுக்கச் சோளம் போட்டாலும், சூரியகாந்தி விலை சரிந்தால் சூரியகாந்திக் கணக்கில் பணம் வரும். கட்டுப்பாடுகள் உண்டு: பேஸ் நிலத்தில் ஓரளவுக்கு மேல் பழம், காய்கறி போட்டால் அதற்கேற்பத் தொகை குறையும், 2009 முதல் 2017 வரை முழுக்கப் புல்லாகவே கிடந்த பண்ணையின் பேஸுக்கு 2018 பண்ணைச் சட்டம் பணத்தை நிறுத்திவிட்டது.

எண்ணெய்வித்துகளுக்கு இந்த பேஸ் வந்ததே தாமதமாகத்தான். 1996 பண்ணைச் சட்டம் கோதுமை, தீவனத் தானியம், பருத்தி, நெல் ஆகியவற்றுக்கு மட்டும் ஆண்டுதோறும் நிலையான தொகை கொடுத்தது. சோயாவும் சூரியகாந்தியும் அதில் இல்லை. 1990-களின் கடைசியில் விலை சரிந்தபோது எண்ணெய்வித்துக்காரர்களுக்கு வாசல் எதுவும் இல்லாததால், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் தனியாக அவசரப் பணம் ஒதுக்கியது: 1999 விளைச்சலுக்கு 47.5 கோடி டாலர், 2000 விளைச்சலுக்கு 50 கோடி, அதற்கடுத்த ஆண்டுக்குச் சுமார் 42 கோடி. பழைய கவுண்டிக் கணக்குகளில் ‘ஆயில்சீட் புரோகிராம்’ என்று இரண்டு மூன்று ஆண்டு மட்டும் தலைகாட்டிவிட்டு மறையும் வரி இதுதான். திட்டம் தோற்று மூடப்பட்டது என்று அதைப் படிக்கக் கூடாது. 2002 சட்டம் எண்ணெய்வித்துகளையும் பேஸ் ஏக்கருக்குள் கொண்டுவந்ததால் அந்தத் தனி வாசல் தேவையில்லாமல் போனது.

2002-இல் பேஸ் கணக்கிட்டது 1998 முதல் 2001 வரை விதைத்த பரப்பை வைத்து. 2014-இல் நில உரிமையாளர் விரும்பினால், 2009 முதல் 2012 வரை என்ன போட்டாரோ அந்த விகிதத்தில் பயிர்களை மாற்றி எழுதிக்கொள்ளலாம் என்று வழி விட்டார்கள். மொத்த ஏக்கரைக் கூட்ட முடியாது. பலர் மாற்றவில்லை. அன்றைக்கு எந்தப் பயிரின் பேஸ் அதிகப் பணம் தரும் என்று கணக்குப் போட்டுத்தான் முடிவெடுத்தார்கள், வயலில் எது நிற்கிறது என்று பார்த்தல்ல. ஆகவே இன்றைய சூரியகாந்தி பேஸில் ஒரு பகுதி, கால் நூற்றாண்டுக்கு முந்தைய வயலின் நிழல். 2025 ஜூலையில் வந்த சட்டம் நாடு முழுக்க 3 கோடி ஏக்கர் வரை புதிய பேஸ் சேர்க்க இடம் தந்திருக்கிறது, 2019–2023 விதைப்பை அடிப்படையாக வைத்து. அதற்குப் பிறகாவது காகிதமும் வயலும் கொஞ்சம் நெருங்கும்.

இனிப் பணம் எப்படிக் கணக்காகிறது என்று பார்ப்போம். 2014 முதல் இரண்டு வழிகள். விலை சரிவுக்கு மட்டும் ஈடு தருவது பிஎல்சி. கவுண்டியின் வருமானச் சரிவுக்கு ஈடு தருவது ஆர்க். ஒரு பண்ணையில் ஒவ்வொரு பயிருக்கும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சட்டம் வந்த முதல் சுற்றிலேயே, சோயா பேஸ் ஏறக்குறைய முழுதும் ஆர்க் பக்கம் போனது; கனோலா பேஸ் ஏறக்குறைய முழுதும் பிஎல்சி பக்கம் போனது. ஒரே விவசாயி, ஒரே பண்ணை, இரண்டு பயிருக்கு இரண்டு வழி என்பது சாதாரணம்.

பிஎல்சி-க்கு வேண்டியவை நான்கு எண்கள்: ரெஃபரன்ஸ் விலை (சட்டம் குறித்துவைத்த ஒப்பீட்டு விலை), விற்பனை ஆண்டின் (அறுவடையிலிருந்து தொடங்கும் பன்னிரண்டு மாதத்தின்) தேசிய சராசரி விலை, பண்ணையின் பதிவு மகசூல், பேஸ் ஏக்கர். சூரியகாந்தி, கனோலா, ஆளி, குசும்பா, கடுகு, எள், ரேப்சீட், கிராம்பே எல்லாம் சேர்ந்து ‘மற்ற எண்ணெய்வித்துகள்’ என்ற ஒரே கூடை; ரெஃபரன்ஸ் விலை எல்லாவற்றுக்கும் ஒன்று. 2014 சட்டத்தில் அது 100 பவுண்டுக்கு 20.15 டாலர், 2025 சட்டத்தில் 23.75. சோயா தனி: புஷலுக்கு (அமெரிக்கத் தானிய அளவு, சோயாவில் சுமார் 27 கிலோ) 8.40 டாலராக இருந்தது இப்போது 10. நிலக்கடலைக்கும் தனி விலை, டன்னுக்கு 535-இலிருந்து 630. சந்தை பல ஆண்டு நன்றாக இருந்தால் இந்த ரெஃபரன்ஸ் விலை தானாக 15 சதவீதம் வரை உயரவும் விதி உண்டு. கீழேயும் ஒரு தளம் உண்டு: விளைச்சலை அடமானமாகப் பிடித்து அரசு கடன் கொடுக்கும் விலைக்குக் கடன் விலை என்று பெயர்; சந்தை விலை அதற்கும் கீழே விழுந்தால், கடன் விலையை வைத்துத்தான் வித்தியாசம் பார்ப்பார்கள்.

எடுத்துக்காட்டாக ஒரு பண்ணை. கனோலா பேஸ் 200 ஏக்கர், பதிவு மகசூல் ஏக்கருக்கு 1,500 பவுண்டு. அந்த விற்பனை ஆண்டில் தேசிய சராசரி விலை 100 பவுண்டுக்கு 21 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ரெஃபரன்ஸ் விலையான 23.75-க்கும் இதற்கும் வித்தியாசம் 2.75 டாலர், அதாவது பவுண்டுக்கு 2.75 சென்ட். பேஸில் 85 சதவீதத்துக்குத்தான் பணம் என்பதால் 200 ஏக்கர் 170 ஆகிறது. 170-ஐ 1,500-ஆல் பெருக்கினால் 2,55,000 பவுண்டு. அதை 2.75 சென்ட்டால் பெருக்கினால் 7,012.50 டாலர். அதிலிருந்து கூட்டாட்சிச் செலவுக் குறைப்புச் சட்டப்படி 5.7 சதவீதம் கழியும். கையில் வருவது சுமார் 6,612.79 டாலர். அந்த 85 சதவீதத்தையும் 5.7 சதவீதத்தையும் மறந்துவிட்டுக் கணக்குப் போட்டவர்கள்தான், அலுவலகம் பணத்தைக் குறைத்துவிட்டது என்று சண்டைக்கு வருவார்கள்.

இதில் விவசாயி அந்த ஆண்டு உண்மையில் எத்தனை பவுண்டு அறுத்தார், என்ன விலைக்கு விற்றார் என்பது எங்கும் இல்லை. பதிவு மகசூலும் பழையதுதான். அதைப் புதுப்பிக்க 2014 சட்டத்தில் ஒரு முறை வழி வந்தது, 2008–2012 சராசரியை வைத்து. 2020-இல் இன்னொரு முறை, 2013–2017-ஐ வைத்து. இரண்டையும் தவறவிட்ட உரிமையாளரின் பண்ணை, பக்கத்துப் பண்ணையைவிட ஏக்கருக்குப் பல டாலர் குறைவாகவே வாங்கிக்கொண்டிருக்கும். மண் ஒன்று, மழை ஒன்று, விதை ஒன்று. படிவம் மட்டும் வேறு. புதுப்பிக்கும் உரிமை நில உரிமையாளருக்கு, பணம் வாங்குவதோ பெரும்பாலும் குத்தகைக்காரர். தூரத்து நகரத்தில் இருக்கும் உரிமையாளருக்கு அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட என்ன அவசரம்?

ஆர்க் கணக்கில்தான் கவுண்டி என்ற எல்லைக்கோடு உண்மையிலேயே பணமாக மாறுகிறது. கடந்த ஐந்து ஆண்டுகளின் கவுண்டி மகசூலில் உச்சத்தையும் அடிமட்டத்தையும் தள்ளிவிட்டு நடு மூன்றின் சராசரி எடுப்பார்கள். விலைக்கும் அப்படியே. விலையில் ஒரு சலுகை உண்டு: எந்த ஆண்டிலாவது சந்தை விலை ரெஃபரன்ஸ் விலைக்குக் கீழே போயிருந்தால் ரெஃபரன்ஸ் விலையையே அந்த ஆண்டுக்கு எடுத்துக்கொள்வார்கள். இரண்டு சராசரியையும் பெருக்கினால் அளவுகோல் வருமானம். சோயாவுக்கு 40 புஷல், 11 டாலர் என்றால் ஏக்கருக்கு 440. இதில் 90 சதவீதம், அதாவது 396 டாலர், உத்தரவாதம். 2025-க்கு முன் இது 86 சதவீதமாக இருந்தது. அந்த ஆண்டு கவுண்டி மகசூல் 36, விலை 10 என்றால் வருமானம் 360. பள்ளம் 36 டாலர். உச்சவரம்பு அளவுகோலின் 12 சதவீதம், இங்கே 52.80, அதற்குள் இருப்பதால் 36 முழுதாக வரும். 200 ஏக்கர் பேஸுக்கு 85 சதவீதமும் 5.7 சதவீதமும் போட்டால் கைக்கு 5,771 டாலர் சொச்சம்.

கவுண்டி சராசரிதான் அளவுகோல் என்பதால், கவுண்டியின் ஒரு மூலையில் ஆலங்கட்டி மழை அடித்துத் தரைமட்டமாக்கினாலும் மீதி இடம் நன்றாக விளைந்திருந்தால் ஆர்க் பணம் வராது. எதிர்மாறும் நடக்கும்: தன் வயலில் அமோக விளைச்சல் எடுத்தவருக்குக் கவுண்டி காய்ந்ததால் பணம் வரும். தன் வயல் நஷ்டத்துக்குப் பயிர்க் காப்பீடுதான் வழி. இதைப் புரிந்துகொள்ளாமல் ஆர்க்கைக் காப்பீடு என்று நினைத்துத் தேர்ந்தெடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இன்னொரு சிக்கல், மகசூல் எண் எங்கிருந்து வருகிறது என்பது. ஆரம்பத்தில் அரசுப் புள்ளியியல் துறையின் கணக்கெடுப்பே முதல் ஆதாரம். சோயாவுக்கு அது போதும். ஆளியும் குசும்பாவும் நாலைந்து பேர் மட்டும் போடும் கவுண்டியில், பதில் சொன்னவர்கள் போதாததால் மகசூலே வெளியாகாது. அப்போது வேறு ஆதாரத்துக்குத் தாவ வேண்டும்; அடுத்தடுத்த இரண்டு கவுண்டிகளுக்கு இரண்டு வகை ஆதாரம் வந்து, வேலிக்கு இந்தப் பக்கம் பணம், அந்தப் பக்கம் பூஜ்யம் என்று ஆனது. 2018 சட்டம் காப்பீட்டுத் தரவை முதல் ஆதாரமாக்கியது. கூடவே, பண்ணையின் கணக்கு எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்பதை விட்டு, நிலம் உண்மையில் எந்தக் கவுண்டியில் கிடக்கிறதோ அதன் மகசூலையே எடுக்க வேண்டும் என்றும் சொன்னது. வீடு ஒரு கவுண்டியிலும் நிலம் மூன்று கவுண்டியிலும் வைத்திருப்பவருக்கு இது பெரிய மாற்றம். ஆனால் பொதுக் கணக்கில் தொகை நிர்வாகக் கவுண்டியின் (பண்ணையின் கணக்கு இருக்கும் அலுவலகத்தின் கவுண்டி) பேரிலோ, பெற்றவர் முகவரி இருக்கும் கவுண்டியின் பேரிலோ விழலாம். எந்தப் பட்டியல் எதை வைத்திருக்கிறது என்று பார்க்காமல் இரண்டு கவுண்டிகளை ஒப்பிடாதீர்கள்.

நிலையான திட்டங்களில் விளைந்த விதைக்கே பணம் வருவது ஒரே ஒரு பழைய வழியில்: கடன் விலைத் திட்டம். அறுவடையான விதையை அடமானமாக வைத்து ஒன்பது மாதக் கடன் வாங்கலாம். சந்தை விலை கடன் விலைக்குக் கீழே போனால், கடன் வாங்காமலேயே வித்தியாசத்தைப் பணமாக வாங்கிக்கொள்ளலாம். அதற்கு எல்டிபி என்று பெயர். ஒவ்வொரு கவுண்டிக்கும், இந்தத் திட்டங்களை நடத்தும் அரசு அமைப்பான பண்ணைச் சேவை முகமை (எஃப்எஸ்ஏ) அன்றாடமோ வாராவாரமோ ஒரு விலை அறிவிக்கும், பெரிய சந்தை விலையிலிருந்து போக்குவரத்து வித்தியாசத்தைக் கழித்து. 1998–2001 ஆண்டுகளில் சோயாவின் கடன் விலை புஷலுக்கு 5.26 டாலர், சந்தை அதற்கும் கீழே. அந்த ஆண்டுகளின் கவுண்டிக் கணக்கில் சோயாத் தொகை மலைபோல் நிற்பதற்கு இதுவே முக்கியக் காரணம். இப்போது சோயா கடன் விலை 6.82, மற்ற எண்ணெய்வித்துகளுக்கு 100 பவுண்டுக்கு 11.10. சந்தை அந்த மட்டத்துக்கு விழுவது அரிது என்பதால் எல்டிபி வரி வெறுமையாகவே கிடக்கும்.

ஆனாலும் எல்டிபி கேட்பதற்கான சிசிசி-633 ஈஸி படிவத்தின் முதல் பக்கத்தை அறுவடைக்கு முன்பே கையெழுத்துப் போட்டு வைப்பது நல்லது. விதையின் மீது விவசாயிக்கு உரிமை இருக்கும்வரைதான் எல்டிபி கேட்க முடியும். லாரி, தானியம் வாங்கும் கிடங்கான எலிவேட்டருக்குள் போய் எடைச்சீட்டு கைக்கு வந்து, விலையைப் பிறகு முடிவுசெய்வோம் என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்தும் விழுந்தால், உரிமை அந்த நிமிடமே வாங்கியவருக்குப் போய்விடும். காசு இன்னும் வரவில்லையே என்பது வாதமாகாது. முதல் பக்கம் முன்கூட்டியே கோப்பில் இருந்தால், உரிமை கைமாறிய நாளின் விலையை வைத்துப் பிறகும் கேட்கலாம். இல்லையென்றால் முடிந்தது.

இவற்றுக்கு நடுவே திடீர்ப் பணமும் உண்டு. சீனாவுடனான வரிச் சண்டையில் 2018-இல் சோயாவுக்கு புஷலுக்கு 1.65 டாலர், விளைந்த அளவுக்கு. 2019-இல் முறையை மாற்றிக் கவுண்டிக்கு ஒரே விலை வைத்தார்கள்: ஏக்கருக்கு 15 முதல் 150 டாலர் வரை. என்ன பயிர் போட்டாலும் அந்தக் கவுண்டியின் விலைதான். சோயா மிகுந்த கவுண்டியில் கொஞ்சம் கனோலா போட்டவர், கனோலா மிகுந்த கவுண்டியில் கனோலா போட்டவரைவிட அதிகம் வாங்க முடிந்தது. 2024 விளைச்சலுக்கு 2025-இல் கொடுத்த உதவி மறுபடி பயிர்வாரி: சோயாவுக்கு ஏக்கருக்கு 29.76, கனோலாவுக்கு 31.83, சூரியகாந்திக்கு 27.23 டாலர், விதைத்த பரப்புக்கு. ஆக, ஒரே கவுண்டிக் கூட்டுத்தொகைக்குள் பேஸ் பணம், விதைத்த ஏக்கர் பணம், விளைந்த புஷல் பணம் மூன்றும் கலந்து கிடக்கும். பிரித்துப் பார்க்காமல் ஆண்டுகளை வரைபடமாகப் போடுவது வீண் வேலை.

பணம் வராமல் போவதற்குப் பெரும்பாலும் வானம் காரணமல்ல, காகிதம். எஃப்எஸ்ஏ-578 என்ற விதைப்பு அறிக்கையை வசந்தகாலப் பயிர்களுக்குப் பெரும்பாலான இடங்களில் ஜூலை 15-க்குள் கொடுக்க வேண்டும். பேஸுக்குத்தானே பணம், விதைப்பை எதற்குச் சொல்வது என்று விட்டவர் மாட்டுவார். அறிக்கை இல்லாமல் பேஸ் பணமும் இல்லை. மற்றப் படிவங்களும் உண்டு: மண் அரிப்பு, சதுப்புநில விதிகளுக்கு ஏடி-1026, வருமான உச்சவரம்பான 9,00,000 டாலருக்குக் கீழே இருப்பதற்கு சிசிசி-941, யார் உழைப்பு யார் முதலீடு என்று சொல்ல சிசிசி-902. கூட்டு நிறுவனமாக இருந்தால் உறுப்பினர் ஒவ்வொருவரும் 941 கொடுக்க வேண்டும். ஒருவர் விட்டால் அவர் பங்கு வெட்டப்படும்.

ஆர்க்கா பிஎல்சியா என்ற தேர்வில் அந்தப் பண்ணையில் பங்குள்ள எல்லோரும் ஒத்துப்போக வேண்டும். அண்ணன் தம்பி நிலத்தில் ஒருவர் கையெழுத்து வரவில்லையென்றால் தேர்வு செல்லாது. ஆண்டுதோறும் பதிவு செய்வது வேறு. அது அவரவர் பங்குக்கு அவரவர் போடுவது. இந்த இரண்டையும் ஒன்றென்று குழப்பிக்கொண்டு, போன முறை தேர்ந்தெடுத்தோமே என்று பதிவை விடுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. தேர்வு தொடரும், பதிவு தொடராது. 2025 விளைச்சலுக்கு மட்டும் இரண்டில் எது அதிகமோ அது கிடைக்கும் என்று சட்டமே சொல்லிவிட்டது. அதை அடுத்த ஆண்டுக்கும் நம்பிக்கொண்டிருக்க முடியாது.

குத்தகையும் பார்க்க வேண்டும். ரொக்கக் குத்தகை என்றால் பணம் முழுக்கக் குத்தகைக்காரருக்கு. விளைச்சலைப் பங்கிடும் வாரக் குத்தகை என்றால் பங்கு விகிதப்படி. ரொக்கக் குத்தகையில் இருந்துகொண்டு உரிமையாளர் பேரில் பாதி எழுதினால், பின்னால் தணிக்கையில் வட்டியோடு திருப்பிக் கட்ட நேரும். பண்ணையின் மொத்த பேஸ், அவருக்குப் பங்குள்ள மற்றப் பண்ணைகளின் பேஸையும் சேர்த்து, 10 ஏக்கர் அல்லது அதற்கும் குறைவு என்றால், புதிய விவசாயி, முன்னாள் ராணுவத்தினர் போன்ற சில பிரிவினர் தவிர மற்றவர்களுக்குப் பணமே இல்லை. இவை எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது எஃப்எஸ்ஏ-156 ஈஸி என்ற பதிவுத்தாள்: பண்ணை எண், துண்டு எண், பயிருக்கு ஒரு வரி, அதில் பேஸ் ஏக்கர், பதிவு மகசூல், தேர்ந்தெடுத்த திட்டம். நிலம் வாங்குபவரும் குத்தகை பேசுபவரும் இதைக் கேட்டு வாங்காமல் விலை பேசக் கூடாது.

கணக்கைப் படிப்பவர் கவனிக்க வேண்டியது இன்னும் இரண்டு. முதலாவது ஆண்டு. 2023 செப்டம்பரில் தொடங்கும் சோயா விற்பனை ஆண்டு 2024 ஆகஸ்டில் முடியும். பணம் 2024 அக்டோபருக்குப் பிறகு. 2023 விளைச்சலின் பணம் 2024 வரிசையில் நிற்கும், 2024-இன் மழையையும் விலையையும் அதோடு சேர்த்துப் பேசினால் எதுவும் பொருந்தாது. கனோலாவுக்கு ஆண்டு ஜூலையில் தொடங்குகிறது, ஆனால் பணம் அதே அக்டோபரில்தான்.

இரண்டாவது, கணக்கில் இல்லாதது. ஆர்க், பிஎல்சி தொகைக்கு ஒருவருக்கு உச்சவரம்பு இருக்கிறது: 1,25,000 டாலராக இருந்தது, 2025 விளைச்சலுக்கு 1,55,000 ஆனது. பயிர்க் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு அரசு தரும் பங்குக்கு அப்படி வரம்பு இல்லை. சராசரியாகப் பிரீமியத்தில் பாதிக்கும் மேல் அரசுதான் கட்டுகிறது. அது பெயர்வாரிப் பட்டியலில் வராது. காப்பீட்டுச் சட்டம் தனிநபர் விவரத்தை மூடிவைத்திருக்கிறது. கவுண்டி அளவில், பயிர்வாரியாக, பயிர்க் காப்பீட்டைப் பார்த்துக்கொள்ளும் இடர் மேலாண்மை முகமையின் தொகுப்புக் கணக்கில் மட்டும் கிடைக்கும். விலை நன்றாக இருந்து பிஎல்சி பூஜ்யமாகும் ஆண்டில் பயிரின் மதிப்பு கூடுவதால் பிரீமியமும் கூடும், அரசின் பங்கும் கூடவே ஏறும். வடக்கு டகோட்டாவின் கேவலியர் போன்ற கனோலாக் கவுண்டியில் எண்ணெய்வித்துக்கு அரசு எவ்வளவு செலவழித்தது என்று தெரிய வேண்டுமானால், பண்ணைச் சேவை முகமையின் கோப்பையும் காப்பீட்டுத் தொகுப்பையும் விளைச்சல் ஆண்டுவாரியாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் கூட்ட வேண்டும்.